பொதுச் சுவரில் ஓர் ஆண் குரல்

ஜூன் பதினைந்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடத்துக்கு எங்கள் சுரங்கத் தொழிலாளர் குவார்ட்டர்ஸுக்குள் ஓர் அந்நிய ஆண் பேசத் தொடங்கினான். அவனை உருவாக்கியவள் நான்.

எங்கள் ஹோம் தியேட்டரின் நடு ஸ்பீக்கர், அதாவது சென்டர் சேனல், அதற்குப் பல மாதங்கள் முன்பே செத்திருந்தது. பாட்டும் சண்டையும் சுற்றியுள்ள ஸ்பீக்கர்களில் வரும். வசனத்துக்குப் பொறுப்பு டிவிக்குக் கீழே நடுவில் இருக்கும் அந்த ஒன்றுதான். அது போனபின் கதாநாயகர்கள் வாயை அசைத்தார்கள், இடி மட்டும் இடித்தது. "என்னா சொல்றான்?" என்று அப்பா கேட்பார். அம்மா உரை சொல்வாள். (மூலத்தைவிட உரை எப்போதும் நீளம்.)

அதைப் புதிதாக நானே செய்ய முனைந்ததற்குக் காரணம் ஒலியியல் ஆர்வம் அன்று. புதுச்சேரியில் எம்.ஏ. தமிழ் படிக்க எனக்கு இடம் கிடைத்திருந்தது. விடுதியில் தங்க வேண்டும். அந்த வாரத்துக்குள் சேர்ந்தாக வேண்டும். அப்பா, "பாக்கலாம்" என்றிருந்தார். அவர் அப்படிச் சொன்ன எதையும் பிறகு பார்த்ததாக வரலாறு இல்லை. அவருக்கு வசனம் தெளிவாகக் கேட்கும்படி செய்துவிட்டால் மனம் இளகும் என்று நம்பினேன். (வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். மரப்பெட்டி செய்வது அதைவிட எளிதாகத் தோன்றியது.)

மந்தாரக்குப்பத்தில் கனத்த ஒலிக்கு இரண்டு சிறிய வூஃபர்களும் கீச்சொலிக்கு ஒரு ட்வீட்டரும் வாங்கினேன். ப்ளைவுட்டை அளவு சொல்லி அறுத்து வாங்கினேன். நடுவில் ட்வீட்டர், இருபுறமும் வூஃபர். உள்ளே என் தலையணைப் பஞ்சு. காற்று வெளியேறப் பின்பக்கம் ஒரு துளை. நூல் பிசகவில்லை. பெட்டி அதிரக் கூடாது என்பதற்காக அதைச் சுவரோடு ஒட்டி, ஸ்க்ரூ போட்டு இறுக்கினேன். அந்தச் சுவர் பக்கத்து வீட்டுக் கோமதி அக்காவுக்கும் எங்களுக்கும் பொது என்பது என் வரைபடத்தில் இடம்பெறவில்லை.

அன்று அம்மா திருவதிகைக்கு ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தாள். அப்பா முதல் ஷிப்ட். குரலை மட்டும் சோதிப்பதற்காக மற்ற ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு, ஒரு பழைய படத்தில் வல்லினமும் மெல்லினமும் இடையினமும் கலந்த ஒரு வசனத்தைத் தேர்ந்தெடுத்தேன். "நான் போக மாட்டேன். உங்கப்பா வர்றதுக்குள்ள ஒரு பதில் சொல்லு." கதாநாயகி பதில் சொல்ல மாட்டாள், அவளுக்காக வயலின்கள் அழும். வயலின்களைத்தான் நான் கழற்றிவிட்டிருந்தேனே.

எழுத்தெழுத்தாகத் தெளியும்வரை, ஒயரை மாற்றி மாற்றி, அந்த வசனத்தையே ஓட்டினேன். தலையெல்லாம் மரத்தூள், முகமெல்லாம் வியர்வை. அந்தக் கோலத்தில்தான், யாரோ தடதடவென்று தட்டிய கதவைத் திறந்தேன்.

வாசலில் கோமதி அக்கா. பின்னால் அவர் கணவர் செல்வம் அண்ணன், கையில் துடைப்பக்கட்டை. அவருக்கும் பின்னால் பிளாக்கே நின்றது.

"ஏம்மா, உள்ள யாரு பேசிக்கினு இருக்கறது?"

"யாரும் இல்லக்கா."

"உங்கப்பா முதல் ஷிப்ட், உங்கம்மா ஊர்ல இல்ல. எனக்குத் தெரியாதா? ஒரு மணி நேரமா ஒருத்தன் பதில் சொல்லு, பதில் சொல்லுன்னு கெஞ்சிக்கினு கெடக்கறான். நீ கல்லு மாதிரி நிக்கற."

"அது சென்டர் சேனல்க்கா."

"எந்த சேனல்ல வேலையா இருந்தா என்னா? வூட்டுக்குள்ள எப்பிடி வந்தான்?"

செல்வம் அண்ணன் கட்டிலுக்கு அடியில் துடைப்பத்தை விட்டுத் துழாவினார். மூன்றாண்டு இலக்கணம் படித்தவளுக்கு ஒரு முழு வாக்கியம் அமையவில்லை. என் மௌனத்தைப் பிளாக் ஒப்புதல் வாக்குமூலமாகப் பதிவுசெய்துகொண்டது.

ஏற்கெனவே மைன்ஸுக்குப் போன் போயிருந்தது. ஃபோர்மேனின் பைக்கில், ஹெல்மெட்டும் சேற்று பூட்ஸுமாக அப்பா வந்து இறங்கினார். அவர் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை.

"எங்க அவன்?"

நான் பெட்டியைக் காட்டினேன். ரிமோட்டை அழுத்தினேன். "நான் போக மாட்டேன்" என்றான் அவன், ஒவ்வோர் எழுத்தும் துலங்க. கோமதி அக்கா பின்வாங்கினார். ஃபோர்மேன் இருமுவதுபோல் திரும்பிக்கொண்டார். அப்பா ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"இன்னொரு தபா போடு."

போட்டேன். முழுதும் கேட்டார். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பைக்கில் ஏறிப் போய்விட்டார்.

மாலையில் திரும்பிய அம்மா தெருமுனையிலேயே முழுக்கதையையும் கேட்டுக்கொண்டு வந்தாள். "வீட்டுல ஒத்தையா இருந்ததுக்கே ஊரு கூடிச்சி. இவள ஹாஸ்டலுக்கு அனுப்பணுமாம்" என்றாள். அப்பா மறுக்கவில்லை. "பாக்கலாம்" என்றுகூடச் சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லுக்கு நான் அப்படி ஏங்குவேன் என்று நினைத்ததில்லை.

எங்கள் வீட்டில் அந்தப் பெட்டிக்கு இன்று 'மாப்பிள்ளை' என்று பெயர். "மாப்பிள்ளைக்குத் தொண்டை கட்டிக்கிச்சி, வந்து பாரு" என்று அம்மா போனில் சொல்லும்போது அறைத்தோழிகள் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள். பெயர் வைத்தவர் அப்பா. வைத்த இடம் ஷிப்ட் பஸ் நிற்கும் முனை.

பிளாக் கூடியதற்கு மறுநாள் விடிகாலையில் அவர் பின்னாலேயே நானும் அந்த முனைக்குப் போனேன். முதல் ஷிப்டுக்கு நின்ற அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். செய்தி எல்லா பிளாக்குக்கும் போயிருந்தது. என் வாழ்நாளில் அதுவரை பேசிய எல்லாவற்றையும்விட உரக்கப் பேசினேன்.

"அப்பா, நீங்க வசனத்தத் தெளிவா கேக்கணும்னுதான் பெட்டி செஞ்சேன். அதுக்குப் பதிலா இதக் கேட்டிருக்கணும். நான் புதுச்சேரிக்குப் படிக்கப் போறேன். அனுப்புவீங்களா?"

அப்பா திடுக்கிட்டார். பெட்டி பேசியபோதுகூட அவர் அவ்வளவு திடுக்கிடவில்லை. பஸ் வந்து நின்றது, ஒருவரும் ஏறவில்லை. அவர் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பினார்.

"போ. மாப்பிள்ளை மட்டும் இங்கயே இருக்கட்டும்."

பஸ் முழுக்கச் சிரித்தது. நான் வீட்டுக்கு ஓடிப்போய்ப் பெட்டியின் ஸ்க்ரூக்களைக் கழற்றி, அதைக் கோமதி அக்கா வீட்டுச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை முன்னால் நகர்த்தி வைத்தேன்.