வடைமாலை அண்ணாச்சியின் அலை மெஷின்

அமீரகத்தில் சுத்தத்துக்கென்று ஒரு மந்திரி பதவி இருந்தால், அதை எங்கள் வடைமாலை அண்ணாச்சிக்குத்தான் கொடுக்க வேண்டும். பாலைவன மணலை மொத்தமாக அலசிக் காயப்போட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்.

ராஸ் அல் கைமாவில், சிமெண்ட் ஆலைக்கும் டைல்ஸ் ஆலைக்கும் நடுவே ஒரு ஷெட். அதுதான் எங்கள் லேப். நானும் அவரும்தான் மொத்தப் பட்டாளம். எலக்ட்ரானிக் சாமான்கள் பலமான ரேடியோ அலையைத் தாங்குமா என்று சோதிக்க, அந்த அலையைத் துடிப்புத் துடிப்பாகக் கிளப்பும் மெஷின் செய்வது வேலை. செம்புக் கம்பியில் ஃபெரைட் என்கிற கறுப்புக் காந்த வளையங்களை நெருக்கமாகக் கோர்ப்பார். அனுமார் கழுத்திலிருந்து இறக்கிவைத்த மாதிரியே இருக்கும். பட்டப்பெயர் வைத்தவன் நான். நான் சுடும் வடையும் அதே நிறம், அதே கெட்டி.

"ஒரு பக்கம் கரண்டை ஒரே அடியா அடிச்சா, மறுபக்கம் எப்படி அண்ணாச்சி ரேடியோ அலையா வருது?" என்று சேர்ந்த புதிதில் கேட்டேன். எம்.டெக். படித்தவன் கேட்கிற கேள்வியா என்பதுபோல் பார்த்தார்.

"கம்பெனி பஸ்ஸு வந்து நின்னா என்ன நடக்கு? முன்னால நிக்கவன் மெதுவாப் போவான். பின்னால வாரவன் பலசாலி, ஓடிவந்து முட்டுவான். அம்புட்டுப் பேரும் வாசல்ல குவிஞ்சு குலுங்குவானுவல்லா? அந்தக் குலுக்கல்தான்வே நமக்கு வேணும். வளையத்துக்குள்ள போற கரண்டுக்கும் அதே புத்தி."

மெஷினின் வாசலில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் தட்டு உண்டு. அதில் அழுக்குப் பட்டால் மின்சாரம் உள்ளே போகாது, தட்டின் மேலேயே தாவி வெடிக்கும். அதைக் கையுறை போட்டு, ஸ்பிரிட்டால் துடைத்து, கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொள்வார். ஒருநாள் பக்கத்தில் நின்று தும்மிவிட்டேன்.

"தும்மல் வந்தா துபாய் போய்த் தும்மிட்டு வாரும்வே!"

மெஷின் இன்னும் சரியாக ஓடாததால் அந்த வருஷம் மேலிடத்துக்குப் பொறுமை போய்விட்டது. முதீர், அதாவது எங்கள் பெரிய மேனேஜர், நேரில் வந்து பார்ப்பாராம். மெஷின் ஓடினால் லேப் இருக்கும், இல்லாவிட்டால் மூடுவிழா. அண்ணாச்சி ஒண்டிக்கட்டை. எனக்கோ மகள் பன்னிரண்டாம் வகுப்பு. விசா போனால் பாதிப் படிப்பில் அவளைப் பெயர்த்துக்கொண்டு சென்னைக்கு ஓட வேண்டும்.

முதீர் வெள்ளைக் கந்தூரா அங்கியில் வந்தார். அலை பட்டுப் போன் பாழாகாமலிருக்க, அண்ணாச்சி வழக்கம்போல் எவர்சில்வர் தூக்குவாளியை நீட்டினார். முதீர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"சாம்பார் மாஃபி?" சாம்பார் இல்லையா என்று கேட்கிறார்.

"மாஃபி சார். ஒன்லி மொபைல்."

அண்ணாச்சி பட்டனை அழுத்தினார். படார்! திரையில் ஒரு நேர்கோடு. என் இதயமும் அதே கோட்டில்தான் போய்க்கொண்டிருந்தது.

"கலாஸ்?" என்றார் முதீர். கதை முடிந்ததா என்று அர்த்தம்.

"நோ கலாஸ் சார்! டூ மினிட்ஸ்!"

மூடியைக் கழற்றினோம். வெள்ளைத் தட்டில் கருகிய ஒரு கோடு. கோட்டின் நடுவே, ஈரம் காயாத சந்தனமும் குங்குமமும்.

"இது யாருவே வச்சது?" என்று அண்ணாச்சி குரலை உயர்த்தினார்.

"லேப்ல நாம ரெண்டே பேரு அண்ணாச்சி. உங்க மோதிர விரலைக் கொஞ்சம் பாருங்க."

பார்த்தார். அந்த விரலைத் துடைத்துக்கொண்டு, ஸ்பேர் தட்டை எடுத்து மாட்டினார்.

இரண்டாம் முறை சத்தமே இல்லை. திரையில் அலைகள் வரிசையாகக் குதித்தன. எதிர்ச் சுவரில் ஒயரே இல்லாமல் தொங்கிய டியூப்லைட் பளிச்சென்று மின்னி அணைந்தது. "மாஷா அல்லாஹ்! ஒன் மோர்!" என்று முதீர் சின்னப் பிள்ளையாகிவிட்டார். லேப் பிழைத்தது.

முதீர் போனதும் அண்ணாச்சியைப் பிடித்துக்கொண்டேன். "தும்மினவனைத் துபாய்க்குத் துரத்தின ஆளு, நீங்களே பொட்டு வைக்கலாமா?"

"எனக்கென்னவே, நாளைக்கே பெட்டியத் தூக்கிட்டு ஊரு போயிருவேன். உம்ம மக பரீட்ச எழுதணும்லா? அந்தப் பயத்துல கை தானாப் போயிட்டு."

ஸ்பிரிட் பாட்டிலை எடுத்து, கருகிய தட்டை நானே துடைத்து வைத்தேன்.

இப்போது அண்ணாச்சி பாளையங்கோட்டையில் இருக்கிறார். போன் செய்தால் மெஷினைப் பிறகுதான் விசாரிப்பார், முதல் கேள்வி, "பிள்ள சாப்பிட்டாளாவே?"