முதுகில் ஆடும் ஸ்க்ரூ

அன்புள்ள தங்கைக்கு அண்ணன் எழுதுவது. இங்கே உன் அண்ணி நலம். என் முதுகில் இருக்கும் ஆறு ஸ்க்ரூக்களில் ஐந்து நலம். உன் வீட்டில் யாருக்கும் எதுவும் ஆடாமல் இருக்கட்டும்.

முதுகெலும்பு ஆபரேஷன் முடிந்து ஏழு மாதம் நன்றாகத்தான் இருந்தேன். திங்கட்கிழமை குனிந்து செருப்பு மாட்டும்போது முதுகுக்குள் 'டக்'கென்று ஒரு சத்தம். முப்பத்தைந்து வருஷம் கதவு மாட்டியவனுக்குப் பிடி தளர்ந்த சத்தம் தெரியாதா? யாரிடமும் மூச்சு விடவில்லை. மறுநாள் வலி இடது கால்வரை இறங்கியதும் அண்ணி ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போய்விட்டாள். டாக்டரம்மா ஸ்கேன் படத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"அடியில இருக்குற ஸ்க்ரூவைச் சுத்திக் கறுப்பா வளையம் தெரியுது பாருங்க. பிடி விட்டிருக்கு. ஸ்க்ரூ நல்லாத்தான் இருக்கு, எலும்புலதான் பலமில்ல. சுகர் இருக்கா?"

"கொஞ்சம்."

"சிகரெட்?"

அண்ணி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். "விட்டுப் பல வருஷமாச்சு" என்றேன்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "பொய் சொன்னீங்கன்னா நான் தப்பா வைத்தியம் பண்ணுவேன். புகை பிடிச்சா எலும்பு சேராது, புதுசு போட்டாலும் ஆடும். நரம்புல உரசிட்டா கால் உங்க பேச்சைக் கேக்காது."

கால் என்றதும் ஆடிப்போய்விட்டேன். "தினம் நாலு, மொட்டை மாடியில" என்று உளறிவிட்டேன்.

அண்ணி என்னைப் பார்க்கவே இல்லை. "செடிக்குத் தண்ணி ஊத்தப் போறேன்னுதானே மேல போவீங்க? நம்ம வீட்டுல செடியே இல்லன்னு எனக்குத் தோணாமப் போச்சே" என்றாள்.

பேச்சை மாற்ற, "கதவுல ஓட்டை பெருசாயிட்டா நாங்க தீக்குச்சியைத் திணிச்சு முறுக்குவோம், டாக்டரம்மா" என்றேன். "நாங்களும் அதைத்தான் செய்வோம். தீக்குச்சிக்குப் பதிலா சிமெண்ட்" என்றார். சிரித்தால் முதுகு வலிக்கும் என்பதால் சிரிக்கவில்லை. மறுபடி ஆபரேஷனாம், பெரிய ஸ்க்ரூவாம். முடியவே முடியாதென்று எழுந்து வந்துவிட்டேன். ஒரு தடவை கிழித்தது போதும். சிகரெட்டைத் தூக்கிப் போட்டாயிற்று, எலும்புக்கு ஊசி போட்டுக்கொண்டு படுத்தே தேற்றிக்கொள்வேன். நீ பதறியடித்துக் கிளம்பி வராதே.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. பிள்ளைகள் நூறு வயதுவரை நிமிர்ந்து நடக்கட்டும்.

இப்படிக்கு,
பிடிவாதக்கார அண்ணன்

பி.கு.: மேலே உள்ளது காலையில் எழுதியது. கவர் எடுக்க எழுந்தேன், இடது பாதத்தைத் தூக்கவே முடியவில்லை. இது ஆஸ்பத்திரிக் கட்டிலில் எழுதுகிறேன். நாளைக் காலை ஆபரேஷன், கையெழுத்துப் போட்டுவிட்டேன். அண்ணி என் இடது கையைப் பிடித்துக்கொண்டாள், இன்னும் விடவில்லை. இதை அவள் மறு கையால் போட்டோ எடுத்து இப்போதே உனக்கு அனுப்புகிறாள். பயமாக இருக்கிறது. கிளம்பி வா.