மாமனார் வேட்டியை வறுத்த கதை

ஒரு வேலையைப் பற்றி ஒன்றுமே தெரியாதவனால் பெரிய ஆபத்து கிடையாது. அவன் பாட்டுக்குக் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்பான். நன்றாகத் தெரிந்தவனாலும் ஆபத்தில்லை. இவர்கள் இருவருக்கும் நடுவில் ஒருவன் இருக்கிறான் பாருங்கள், அதே மாதிரி தோன்றுகிற வேறொரு வேலை தெரிந்தவன், அவனிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அவன் கையில் ஸ்குரூ டிரைவரைப் பார்த்தால் வீட்டில் இருப்பவர்கள் வெளியே ஓடிவிடுவது நல்லது. நான் அந்த ரகம்.

மூணாறுக்கு மேலே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் டிரையர் பகுதிக்கு நான் சூப்பர்வைசர். அரைத்துப் புளிக்கவைத்த இலை ஈரத்தோடு ஒரு பக்கம் உள்ளே போகும். சூடான காற்றில் காய்ந்து, கறுப்புத் தூளாக மறுபக்கம் வரும். வாய்ப்பக்கம் நின்று ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் இறுக்கி, மூக்கருகே கொண்டுபோய், "ம்ம், கொஞ்சம் சூட்டைக் குறை" என்று சொல்வதுதான் என் வேலை. அப்போது சுற்றிலும் நாலு பேர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். என் மூக்கின் மீது எனக்கு இருந்த மரியாதையைச் சொல்லி முடியாது. (கல்யாண ஆல்பத்தில்கூட மூக்கு நன்றாகத் தெரிகிற படங்களாகப் பார்த்துத்தான் பொறுக்கினேன்.)

என் மனைவி நித்யாவுக்குச் சொந்த ஊர் மலைக்குக் கீழே நல்லேப்பிள்ளி. பக்கத்துச் சித்தூரில் கல்லூரியில் படித்த காலத்தில் பழக்கமாகி, இரண்டு வீட்டையும் சம்மதிக்க வைத்து, ஓர் ஆவணியில் கல்யாணம் செய்துகொண்டோம். அவள் ஊரில் துவைத்த வேட்டியைக் கொடியில் போட்டுவிட்டுக் குளித்து வந்தால் காய்ந்திருக்கும். எங்கள் ஊரில் மழைக்காலத்தில் ஒரு துண்டு காய ஒரு வாரம் ஆகும். அதற்குள் அதில் பூஞ்சை பிடித்துவிடும். மலைக்கு வந்த முதல் வாரமே அவள் கேட்டாள்.

"ஏனுங்க, உங்கூர்ல துணியக் காயப்போடறீங்களா, ஊறப்போடறீங்களா?"

கேட்டதோடு நிற்கவில்லை. சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விடும் வீடுகளிலெல்லாம் இதே பாடுதான் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டாள். மூடிப்போன ஒரு ரிசார்ட்டிலிருந்து துணி காயவைக்கும் பழைய மின்சார டிரையர் ஒன்றை வாங்கி, வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் பொருத்தினாள். வட்டவடை சாலையில் இருக்கும் நாலைந்து வீடுகளிலிருந்து படுக்கை விரிப்புகள் ஈரமாக வரும், மடிப்புக் கலையாமல் திரும்பிப் போகும். ஊரில் அவளை "துணிக்கார அக்கா" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவளுக்கு அதில் அப்படி ஒரு பெருமை.

என் மாமனாருக்குத்தான் அது பிடிக்கவில்லை. பெண்ணைப் படிக்க வைத்தது ஊரார் படுத்த விரிப்பை உலர்த்தவா என்பது அவர் கேள்வி. நெல் வயலும் தென்னையும் வைத்திருப்பவர். சொன்னால் சொன்னதுதான். தலை ஆடிக்குப் பெண்ணை அழைத்துப்போக வந்தவர், வரும்போதே சித்தூரில் ஒரு தனியார் பள்ளி ஆபீசில் அவளுக்கு வேலை பேசி முடித்துவிட்டு வந்தார். ஆடி முடிந்தாலும் அவளைத் திருப்பி அனுப்புகிற எண்ணம் அவருக்கு இல்லை. "நீங்களும் கீழயே ஒரு வேலை பாத்துக்கலாமுங்க மாப்பிள்ளை" என்று எனக்கும் சேர்த்து முடிவு செய்திருந்தார். (நல்லேப்பிள்ளியில் தேயிலை விளையாது என்பதை அவரிடம் யார் சொல்வது?)

காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். நிறுத்தத்திலிருந்து வீடு வருவதற்குள் குடை மடங்கி, தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தார். சாயங்காலமே திரும்பும் எண்ணத்தில் மாற்றுத்துணி எடுத்து வரவில்லை. என் ஸ்வெட்டர், என் குரங்குக் குல்லா, பெரிய பெரிய பூப்போட்ட என் லுங்கி, இவற்றோடு வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு உட்கார்ந்தார். அந்தக் கோலத்திலும் அவர் முகத்தில் இருந்த கண்டிப்பு குறையவில்லை.

நித்யா அழுது அடம் பிடிக்கவில்லை. "அப்பா, இன்னைக்கு ஒரு நாள் என் வேலையப் பாருங்க. ரெண்டு மணிக்கு வட்டவடை ஜீப் வரும். அதுல அத்தன விரிப்பும் போயிடுச்சுன்னா நான் இங்கயே இருக்கறேன். போவலைன்னா, ஆடிக்கு அப்பறமும் உங்க கூடவே இருக்கறனுங்க" என்றாள்.

"செரிங்கண்ணு" என்றார் அவர்.

அவள் கொட்டகைக்குப் போய் டிரையரைப் போட்டாள். டிரம் சுற்றியது. சூடு மட்டும் வரவில்லை.

அதற்கு முந்தைய ஒரு வாரமாகவே துணி காய வழக்கத்தைவிட இருமடங்கு நேரம் எடுப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான்தான் "மழ ஈரம் புள்ள, அப்படித்தான் இருக்கும்" என்று அடக்கி வைத்திருந்தேன். இப்போது மாமனார் முன்னால் என் நேரம் வந்துவிட்டதாக எனக்குத் தோன்றியது.

"நவுந்துக்க புள்ள. டிரையர்லயே பொழப்பு நடத்துறவன்கிட்டயா இது வெளயாட்டுக் காட்டுது?"

"ஏனுங்க, காத்து வெளிய போகுதான்னு மொதல்ல பாக்கலாமுங்களா?"

"காத்தையெல்லாம் அப்புறம் பாத்துக்கிடலாம். டிரையருக்கு முக்கியம் சூடு."

மாமனார் குல்லாவைக் காதுக்கு மேல் ஏற்றிக்கொண்டு கவனமாகக் கேட்டார். அதில் எனக்கு இன்னும் வேகம் வந்துவிட்டது.

பிளக்கைப் பிடுங்கினேன். பின்பக்கத் தகட்டைக் கழற்றினேன். சூடேற்றும் கம்பிச் சுருளை மீட்டர் வைத்துப் பார்த்தால் அதில் பழுதில்லை. பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வட்டமாக ஒன்று இருந்தது. சூடு அளவு மீறினால் கரண்டை நிறுத்துகிற காவலாளி அது. அதன் வழியாகத்தான் கரண்டு போகவில்லை. ஆக, கோளாறு அதில்தான் என்று தீர்ப்புச் சொன்னேன். அது ஏன் நிறுத்தியது என்று யோசிக்க வேண்டாமா? திருடன் வந்திருக்கிறான் என்று கத்துகிற காவலாளியின் வாயில் துணியை அடைக்கிற மாதிரி, அதைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு இரண்டு ஒயரையும் நேராக முறுக்கி இணைத்தேன். (தயவுசெய்து வீட்டில் யாரும் இதைச் செய்துவிடாதீர்கள். தொழிற்சாலையில் என் கீழே ஒருவன் இதைச் செய்திருந்தால் அன்றே வேலையை விட்டு நிறுத்தியிருப்பேன்.)

"அடுத்தவங்க விரிப்புல பரீட்ச பாக்கக் கூடாது" என்றேன் மிகுந்த பொறுப்போடு. அதனால் மாமனாரின் ஈர வேட்டியையும் சட்டையையும் உள்ளே போட்டேன்.

சூடு வந்தது. சும்மா சொல்லக்கூடாது, தாராளமாக வந்தது. "பாத்தீங்களா மாமா?" என்றேன். அவரும் "அடேங்கப்பா" என்றார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் என்னைப் பார்த்துச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. அந்த ஒரு வார்த்தைக்காகவே அதற்கப்புறம் நடந்ததையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம் என்று இன்றைக்கும் தோன்றும்.

கொஞ்ச நேரத்தில் ஒரு வாசனை எழுந்தது. நித்யா முகத்தைச் சுளித்தாள்.

"ஏனுங்க, தீயற வாசமுங்க."

நான் கண்ணை மூடி மூக்கை உயர்த்தினேன். வருடக்கணக்காகப் பழகிய மூக்கு அல்லவா. "தீயலை. நல்ல பதமா வருது. இன்னும் ஒரே ஒரு நிமிசம்" என்றேன்.

அந்த நிமிடம் முடிவதற்குள் மெஷினுக்குப் பின்னாலிருந்து புகை வந்தது. நித்யா என்னைத் தள்ளிவிட்டுப் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினாள். கதவைத் திறந்தால், சட்டையின் பொத்தான்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. தும்பைப்பூ மாதிரி இருந்த வேட்டி பாதிக்குப் பாதி பழுப்பேறியிருந்தது. எங்கள் தேயிலை டிகாஷனை அந்த நிறத்துக்குக் கொண்டுவர நாங்கள் படாதபாடு படுவோம்.

மாமனார் வேட்டியை வாங்கி விரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, இதுல எத்தன கிளாஸ் டீ போடலாமுங்க?"

சிரிப்பதா, காலில் விழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் சிரிக்கவில்லை. மகள் பக்கம் திரும்பி, "போதுங்கண்ணு. பெட்டியக் கட்டு. சாயங்காலம் பஸ்ஸுக்குப் போயரலாம்" என்று தணிந்த குரலில் சொன்னார். அதே நேரம் பார்த்து, விரிப்புக்குச் சொந்தக்காரரான சாஜு சேட்டனிடமிருந்து போன். "முருகேசா, உச்சைக்குக் கிட்டுமோ?" மத்தியானம் கிடைக்குமா என்கிறார். நான் "கிட்டும் சேட்டா" என்று சொல்லிவிட்டு நித்யாவைப் பார்த்தேன். அவள் கண் கலங்கியிருந்தது. என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தாலாவது தேவலை. அவள் ஆசை ஆசையாக உண்டாக்கிய ஒன்றை நானே கெடுத்துவிட்டேன்.

அவள் குடையை எடுத்துக்கொண்டு கொட்டகையின் பின்புறம் போனாள். நானும் பின்னாலேயே போனேன். மெஷினின் ஈரக்காற்று வெளியேறுவதற்காகச் சுவரில் ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் வாயில் ஒரு கம்பிவலை கட்டியிருந்தது. வலை முழுக்கச் சாம்பல் நிறத்தில் பஞ்சு அப்பி, குளவிக் கூடு மாதிரி தொங்கியது. அதற்குள் ஓர் எறும்பு மூச்சுவிட வழியில்லை.

"இத ஆருங்க கட்டுனது?"

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. வைகாசியில் அவள் ஊர்த் திருவிழாவுக்குப் போயிருந்த நேரம். குழாயிலிருந்து பறந்த துணிப்பஞ்சு பக்கத்து வீட்டு முட்டைக்கோஸ் பாத்தியில் விழுந்து கிடந்தது. தேயிலை காயும்போதும் இப்படித்தான் பஞ்சு பறக்கும். அதைப் பிடிப்பதற்குத் தொழிற்சாலையில் தனி அறையே இருக்கிறது. அந்த ஞானத்தில், தூள் சலிக்கிற பழைய வலை ஒன்றைக் கொண்டுவந்து, இரண்டாக மடித்து, கட்டுக்கம்பி போட்டு இறுக்கியிருந்தேன். கட்டியதைச் சொல்ல மறந்துவிட்டேன். தொழிற்சாலையில் அந்த அறையைத் தினமும் காலையில் கூட்டிப் பெருக்குவோம் என்பதும், பெருக்காத அன்று எல்லோரிடமும் கத்துகிறவனே நான்தான் என்பதும் எனக்கு அந்தச் சமயத்தில் தோன்றவில்லை.

"நான்தான்" என்றேன்.

அவள் வானத்தைப் பார்த்தாள். மழை இன்னும் வலுத்தது.

"உள்ள ஒரு வல இருக்குது. அத நான் ஒவ்வொரு தடவையும் சுத்தம் பண்றேன். வெளிய இன்னொன்னு இருக்கறதே எனக்குத் தெரியாதுங்க. ஈரக் காத்து வெளிய போவலைன்னா உள்ள சூடு ஏறும். ஏறுனா அது நிறுத்தத்தானுங்க செய்யும்?"

கட்டுக்கம்பியை அவளே அறுத்தாள். குழாய்க்குள் கையை விட்டு, முயல்குட்டி அளவுக்கு ஒரு பஞ்சுருண்டையை இழுத்துப் போட்டாள். உள்ளே வந்து நான் முறுக்கிய ஒயரைப் பிரித்து, கருகிய துண்டை வெட்டி மாற்றினாள். ஓரமாகக் கிடந்த காவலாளியை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். நடுவில் கடுகு மாதிரி ஒரு சிவப்புப் பொத்தான். அழுத்தினாள். 'டக்' என்றது. மீட்டர் வைத்துப் பார்த்தால் கரண்டு போக வழி கிடைத்துவிட்டது. அதை இருந்த இடத்திலேயே திரும்பப் பொருத்தினாள். அந்தப் பொத்தானை நானும் பார்த்திருந்தேன். அழகுக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

மெஷின் ஓடியது. வெளியே குழாயிலிருந்து இட்லிப் பானையைத் திறந்த மாதிரி ஆவி வந்தது. நான் விரிப்புகளைத் தூக்கிக் கொடுக்கும் வேலையை மட்டும் செய்தேன்.

நடுவில் மாமனாரைக் காணவில்லை. கோபித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கே போய்விட்டாரோ என்று பதறித் தேடினேன். மனிதர் கொட்டகைக்குப் பின்னால், பூப்போட்ட லுங்கியோடு, ஒரு கையில் குடை பிடித்தபடி இன்னொரு கையைக் குழாயின் முன் நீட்டிக் குளிர் காய்ந்துகொண்டிருந்தார்.

"இங்கதானுங்க மாப்பிள்ளை உங்கூர்லயே நல்ல எடம்" என்றார்.

ஒவ்வொரு நடை விரிப்பும் காய்ந்து குழாய்க் காற்று நின்றதும், அவரே உள்ளே எட்டிப் பார்த்து, "அடுத்தத போடு கண்ணு" என்று குரல் கொடுக்கத் தொடங்கினார். கடைசி இரண்டு நடைக்கு அவரே உட்கார்ந்து விரிப்பை மடித்தார். மகள் மடிக்கிற வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியாமல் திணறினார். அவ்வப்போது தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் காலையில் இருந்த கண்டிப்பு இல்லை.

இரண்டு மணி ஜீப் வந்தது. மூட்டை ஏறியது. எதுவும் மிச்சமில்லை.

ஜீப் கண்ணுக்கு மறைந்ததும் மாமனார் போனை எடுத்தார். பள்ளிக்காரரிடம் பேசுகிறார் என்று தெரிந்ததும் நித்யா கொட்டகை வாசலிலேயே நின்றாள்.

"வேற ஆளப் பாத்துக்குங்க சார். எம்புள்ளைக்கு இங்க வேல கெடக்குது."

அவள் அப்போதுதான் அழுதாள்.

சாயங்காலம் ஆடி அழைப்புப்படி நித்யா பையோடு கிளம்பினாள். நாலு நாளில் திரும்பி வருவதாகப் பேச்சு. புதுப்பெண்ணை ஆடியில் புருஷனிடமிருந்து பிரித்துக் கூட்டிப்போவதுதான் முறை என்பதால், நான் வழியனுப்ப வாசலில் நின்றேன். கறை உள்பக்கம் போகும்படி வேட்டியை மடித்துக் கட்டியிருந்த மாமனார், படியில் இறங்கியவர் நின்றார். என்னைப் பார்த்தார். கொட்டகையைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, நீங்களும் கெளம்புங்க."

"ஆடியாச்சே மாமா?"

"ஆடி கெடக்குதுங்க. கெளம்புங்க."

முறை தவறாத மனிதர் என்று பெயரெடுத்தவர், தலை ஆடியில் மருமகனையும் சேர்த்துக் கூட்டி வருவதைப் பார்த்து நல்லேப்பிள்ளியே வாயைப் பிளந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் அவர் அன்று சொன்ன பதிலைத்தான் இன்றுவரை எந்த விசேஷத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர் எடுத்துவிடுகிறார்கள்:

"என்னங்க பண்றது? அவுங்கள அந்த மிசினோட தனியா உட்டுட்டு வர முடியலீங்களே."