புதிய வரவு: சர்வர் விவரம்

கடையின் இணைய முகப்பில் அப்பளத்துக்கும் கூழ்வடாமுக்கும் நடுவே அது வந்து உட்கார்ந்திருந்தது. "புதிய வரவு! சர்வர் விவரம். முந்துங்கள்!"

கௌதமன் அதைத் திரையில் இரண்டாம் முறை படித்தான். டில்லி ஜனக்புரியில் மாசிலாமணி நடத்தும் அப்பளம், வடாம் இணையக் கடையின் சர்வருக்கு அவன்தான் காவல். இரண்டு நாளாகக் கடை திறக்க ஆமை வேகம். காரணம் பிடிக்க, சர்வரின் அமைப்பு முழுவதையும் காட்டும் பக்கம் ஒன்றைக் காலையில் ஏற்றியிருந்தான். எந்தக் கதவு திறந்திருக்கிறது, எந்தச் சாவி எந்த ஆணியில் தொங்குகிறது என்று அத்தனையும் ஒப்பிக்கும் பக்கம். ஒரு பார்வை பார்த்துவிட்டு அழித்துவிடலாம் என்று கணக்கு. எந்தப் புதுப் பக்கம் வந்தாலும் முகப்பில் கூவி விற்கும்படி கடையைப் பழக்கியதும் தான்தான் என்பது மறந்துபோயிற்று. கல்லாவை எண்ணிப் பார்க்க நடுத்தெருவுக்குத் தூக்கிக்கொண்டு வந்தவன் கதைதான்.

அதுவும் இன்றைக்கென்று. காலையிலேயே முதலாளி ஒரு பெரியவரைக் கூட்டிவந்து, "இவர் அனந்தகிருஷ்ணன். நீ வேலை செய்யறதைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். நீ பாட்டுக்கு இரு" என்று கௌதமனின் முதுகுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டு பேங்க்குக்குப் போய்விட்டார். சர்வரைப் பார்த்துக்கொள்ளும் வேலையைக் குர்கான் கம்பெனி ஒன்றிடம் தள்ளிவிடப் போவதாகப் போன வாரமே பேச்சு. வந்திருப்பவர் அந்தக் கம்பெனி ஆள்தான் என்பதில் கௌதமனுக்குச் சந்தேகமே இல்லை. இன்று ஓட்டை தெரிந்தால் நாளை வேலை இல்லை.

"அது என்ன தம்பி, சர்வர் விவரம்?" பெரியவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

பொய் சொல்ல வாயெடுத்தான். வரவில்லை. "உள்ளே இருக்க வேண்டியது சார். வெளியே வந்துடுச்சு."

ஆர்டர் எடுக்கும் மஞ்சு போனைக் கையால் பொத்திக்கொண்டு கத்தினாள். "சார்! லக்ஷ்மிபாய் நகர் கோமளா மாமி. சர்வர் விவரம் அரைக் கிலோ வேணுமாம். எண்ணெய் ரொம்பக் குடிக்குமான்னு கேக்கறாங்க."

"இல்லைன்னு சொல்லு!"

"குடிக்காதாம் மாமி" என்றாள் மஞ்சு.

கௌதமன் அவசரமாக அந்தப் பக்கத்துக்கு ஒரு பாஸ்வேர்டு பூட்டுப் போட்டான். அவசரப் பூட்டு பக்கத்தோடு நிற்கவில்லை, மொத்தக் கடைக்கும் விழுந்தது. அப்பளம் பார்க்க வந்தவர்களையெல்லாம் வாசலிலேயே "பாஸ்வேர்டு?" என்று மடக்கியது. போன்கள் அலறின. பிறகு திடீரென்று ஒரே அமைதி.

"எப்படிம்மா அடங்கினாங்க?" என்றான் கௌதமன்.

"பாஸ்வேர்டைச் சொல்லிட்டேன் சார். பாவம், பழைய கஸ்டமருங்க."

"யார் யாருக்கு?"

"கேட்டவங்களுக்கு மட்டும்தான்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்கதானே வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே டைப் அடிச்சீங்க!"

பெரியவர் நாற்காலியை முன்னால் இழுத்தார். "ஏன் தம்பி, உங்க எல்லாப் பூட்டுக்கும் இதே சாவிதானா?"

"ஆமா சார். என் போனுக்கும் இதேதான்." சொல்லி முடித்த பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"அச்சா, அச்சா" என்று தலையாட்டினார் அவர்.

பூட்டை எடுத்துவிட்டு, ஆபீஸ் இணைப்பிலிருந்து வருகிறவர்களுக்கு மட்டும் திறக்கும்படி மாற்றினான். அதுவும் கடை முழுவதற்கும் பிடித்துக்கொண்டது. டில்லி முழுக்கக் கடையடைப்பு. முதலாளி பேங்க்கிலிருந்து போனில் வெடித்தார். "கௌதமா! உனக்கு அனுமதி இல்லைங்குதுடா! என் கடைக்குள்ள எனக்கே அனுமதி இல்லையா?"

கட்டடம் முழுவதற்கும் இணைப்பு ஒன்றுதான். ஆகவே கீழ்மாடி ஜிம்முக்கு மட்டும் கடை ஜோராகத் திறந்திருந்தது. வியர்வையோடு ஒரு பயில்வான் மேலே வந்து எட்டிப் பார்த்தான். "பையா, உங்க புது ஐட்டத்துல ப்ரோட்டீன் எவ்வளவு?"

கௌதமன் இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்து மூச்சு விட்டான். அப்புறம் முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தான். அந்தப் பக்கத்தை அழித்தான். வெளியே தெரிந்துபோன சாவிகளையெல்லாம் மாற்றினான், இந்த முறை வாயை இறுக மூடிக்கொண்டு. கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையைத் திறந்து, சர்வருக்கு உள்ளேயே நுழைந்து, வேண்டிய ஒரே கேள்வியை மட்டும் கேட்டான். பதில் அவன் திரையில் மட்டும் வந்தது. ஒரே நேரத்தில் உள்ளே விடும் ஆட்களின் எண்ணிக்கை ரொம்பக் குறைவு. அதை உயர்த்தினான். கடை குதிரையாக ஓடியது.

"இப்படியே முதல்ல பார்த்திருக்கலாமே?" என்றார் பெரியவர்.

"பார்த்திருக்கலாம் சார். சோம்பேறித்தனம்."

மாசிலாமணி மூச்சிரைக்க உள்ளே வந்தார். "என்னடா நடந்தது?"

குர்கான்காரர் போட்டுக்கொடுப்பதற்குள் நாமே கொட்டிவிடுவது மேல் என்று கௌதமன் நடந்ததைக் கடகடவென்று ஒப்பித்தான், ப்ரோட்டீன் உட்பட. கொட்டிவிட்டு, வேலை போன முகத்தோடு நின்றான்.

அனந்தகிருஷ்ணன் எழுந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, மனைவிக்குப் போன் போட்டார்.

"வத்சலா, பார்த்துட்டேன். எதையுமே மறைக்க வரலை இவனுக்கு, போன் பாஸ்வேர்டைக்கூடக் கேக்காமலே சொல்லிட்டான். நம்ம பொண்ணு மதுவுக்கு இவன்தான் மாப்பிள்ளை!"