எனக்கென்று எடுத்து வைத்த இரண்டு தட்டுகள்

பெத்தி ரிவர், கிரெனடா.
புதன்கிழமை, இரண்டாவது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு.

பாசத்துக்குரிய ஃபிலோமினா அக்காவுக்கு, உன் தம்பி இக்னேஷியஸ் மொடெஸ்ட் எழுதிக்கொள்வது. புரூக்ளினில் நீயும் அத்தானும் பிள்ளைகளும் ஆண்டவர் கிருபையால் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அந்தச் சொல்லுக்கு வந்தபோது ஏப்பம் வந்துவிட்டது. ஆகையால் அதை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். தம்பி இனிமேல் ஒரே கடையில்தான் மதியம் சாப்பிட வேண்டும் என்று நீ கண்டிப்பாக ஒரு கடிதம் எழுதி அனுப்ப வேண்டும். எந்தக் கடை என்பதையும் நீயே முடிவு செய். பழி உன்மேல் விழட்டும். நீ கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறாய், உன் சூப்பில் யாரும் உப்பை அள்ளிப் போட முடியாது.

உன்னோடு ஒரே பெஞ்சில் படித்த ஏவிஸின் சாப்பாட்டுக்கடை உனக்குத் தெரியும். வாசல் பலகையில் பத்துப் பன்னிரண்டு பதார்த்தங்கள் எழுதியிருக்கும். அது கடை திறந்த வருஷம் எழுதியது, இதுவரை யாரும் அழிக்கவில்லை. உள்ளே இருப்பது ஒன்றோ இரண்டோதான். மதியம் ஒரு மணி தாண்டினால் அதுவும் இருக்காது. "தீந்துபோச்சு" என்று ஏவிஸ் சொல்லும்போது அவள் முகத்தில் வரும் சந்தோஷத்தை நீ பார்க்க வேண்டும். ஆனால் எனக்கு மட்டும் ஒரு தட்டு எடுத்து வைத்திருப்பாள். இன்னொரு தட்டால் மூடி, மேலே ஒரு துண்டுக் காகிதத்தில் என் பெயர். என் செலஸ்டின் கண்ணை மூடிய பிறகு இந்த ஊரில் என்னை யாராவது எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்கள் என்றால் அது அந்தத் தட்டு ஒன்றுதான். சொல்ல வெட்கமாக இருந்தாலும் உன்னிடம் சொல்கிறேன், அந்தக் காகிதத்தில் என் பெயரைப் பார்க்கத்தான் நான் காலையில் சவரம் செய்துகொள்கிறேன்.

இப்படி இருக்கையில் ஏவிஸுக்கும் அவள் தங்கை வெர்லினுக்கும் சண்டை வந்துவிட்டது. ஆயில்டவுன் கூட்டுக்குச் சட்டி அடுக்கும்போது சேம்பு இலையை மாவுருண்டைக்கு மேலே வைப்பதா கீழே வைப்பதா என்பதுதான் விவகாரம். அக்காள் மேலே என்றாள், தங்கை கீழே என்றாள். சீமைப்பலாவும் உப்பிட்ட பன்றிவாலும் தேங்காய்ப்பாலும் சட்டிக்குள் காத்துக்கொண்டிருக்க, இருவரும் அடுப்பை மறந்துவிட்டார்கள். அன்றைக்கு யாருக்கும் சாப்பாடு இல்லை. தங்கை கரண்டியை எடுத்துக்கொண்டு வெளியேறி, ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நீலச் சாயம் அடித்துத் தன் பெயரில் கடை திறந்துவிட்டாள். வெர்லின் யார்? என் கல்யாணத்தில் செலஸ்டினுக்குத் தோழியாக நின்றவள். திறந்திருக்கும் கதவைத் தாண்டி வணக்கம் சொல்லாமல் போவதற்கு நான் என்ன கப்பலில் வந்து இறங்கியவனா? எட்டிப் பார்த்து, உள்ளே இருந்தவர்களுக்கெல்லாம் பொதுவாக ஒரு வணக்கம் சொன்னேன்.

"வாங்க மிஸ்டர் இக்னேஷியஸ், சாப்டாச்சா?" என்றாள்.

சாப்பிட்டாச்சு என்று சொல்லியிருக்க வேண்டும். அப்போதுதான் ஏவிஸ் கடையில் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தேன். திறப்புநாள் அன்று ஒரு பெண்ணின் முகத்துக்கு நேரே அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. "இன்னைக்கு வேணாம்மா, நாளைக்கு எனக்கு ஒண்ணு எடுத்து வை" என்று சொல்லிவிட்டேன். நம் ஊரில் அந்தச் சொல்லை வாயிலிருந்து விட்டால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். ஞானஸ்நானம் போல, ஒருமுறை நடந்தால் நடந்ததுதான். எடுத்து வைத்த தட்டை வாங்க ஆள் வராவிட்டால் அது பெயரோடு கடை மேடையில் உட்கார்ந்திருக்கும். வருகிறவன் போகிறவன் எல்லாம், இந்த மனுஷன் செத்துவிட்டானா, சண்டை போட்டுவிட்டானா என்று கேட்பான்.

அன்று முதல் எனக்கு இரண்டு மதியம். ஏவிஸ் கடையில் சாப்பிட்டு முடித்து, அவள் கண்ணெதிரே ரோட்டைத் தாண்டக்கூடாது என்பதற்காகக் கடற்கரைக்கு இறங்கி, வலை காயப்போடும் இடத்தைச் சுற்றி, கோயிலின் பின்பக்கம் ஏறி, வெர்லின் கடைக்கு அடுப்படி வழியாகப் போய்ச் சேர்வேன். வெர்லின் கை மஞ்சளைத் தாராளமாகப் போடும் கை. மறுநாளே ஏவிஸ் என் சட்டையை உற்றுப் பார்த்தாள்.

"என்னய்யா அது மஞ்சளா? நான் நேத்து மீன்ல போட்டது பூண்டும் எலுமிச்சையும்தானே?"

"துணி தோய்ச்சப்ப சாயம் ஏறிடுச்சு ஏவிஸ்."

"அப்ப உங்க சோப்புக்கு என்னைவிட நல்லா சமைக்கத் தெரியுது."

பயந்துபோய் மஞ்சள் நிறத்தில் ஒரு சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டேன். கறை தெரியவில்லை. ஆனால் புதுச்சட்டையில் தினமும் அடுப்படி வழியாக வரும் ஆணைப் பற்றி ஊர் என்ன நினைக்கும் என்பதை நான் யோசிக்கவில்லை. மினிபஸ் ஓட்டும் காஸ்மோஸ், பஸ் நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு என் பக்கத்தில் நிறுத்தி, "என்ன தராசண்ணே, கல்யாணச் சாப்பாடு எப்போ?" என்று கேட்டான். ஜாதிக்காய் நிறுவை நிலையத்தில் அத்தனை வருஷம் ஒரு முள் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாயவிடாமல் நிறுத்துக் கொடுத்ததற்கு இந்த ஊர் எனக்கு வைத்த பெயர் தராசு. அது மரியாதைப் பெயர் என்று அன்றுவரை நினைத்திருந்தேன்.

பிறகு வெர்லினிடம், வீட்டில் வைத்து நிதானமாகச் சாப்பிடுகிறேன் என்று சொல்லி, சாப்பாட்டைப் பெட்டியில் வாங்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டு நாய்க்கு வைத்தேன். பாவம்தான், ஆனால் வயிறு ஒன்றுதானே இருக்கிறது. அந்த நாய் சாப்பிட்டதோடு நின்றிருக்கலாம். காலிப்பெட்டியை வாயில் கவ்விக்கொண்டு ரோட்டைத் தாண்டி ஏவிஸ் கடை வாசலில் கொண்டுபோய் வைத்துவிட்டு வாலை ஆட்டியது. பெட்டியின் மூடியில் வெர்லின் கையெழுத்தில் பெரிதாக என் பெயர்.

ஏவிஸ் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன். மறுநாள் என் தட்டில் இன்னொரு துண்டு மீன் கூடியிருந்தது. செய்தி எப்படியோ ரோட்டைத் தாண்டியது, வெர்லின் தட்டில் இரண்டு மாவுருண்டை கூடியது. அதற்குமேல் இங்கே மக்ரோனி, அங்கே வறுத்த வாழைப்பழம். சனிக்கிழமை இரண்டு கடையிலும் சூப், இரண்டிலும் பெரிய கிண்ணம். காலியாகும்வரை இருவரும் இடுப்பில் கைவைத்து என் தலைக்கு மேலே நிற்பார்கள். "எது நல்லாருக்கு?" என்று மட்டும் இருவரும் கேட்கவில்லை. கேட்காமல் பார்ப்பார்கள். உண்மையைச் சொன்னால் சீமைப்பலாவுக்கு ஏவிஸ், மாவுருண்டைக்கு வெர்லின். இதை நான் சாகும்வரை யாரிடமும் சொல்ல மாட்டேன், இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு.

போன ஞாயிறு பூசையில் முழங்கால் போட்டேன், எழுந்திருக்க முடியவில்லை. எல்லாரும் எழுந்தார்கள், உட்கார்ந்தார்கள், மறுபடி எழுந்தார்கள், நான் மட்டும் பக்திமானாக அப்படியே இருந்தேன். கடைசியில் காஸ்மோஸும் இன்னொருவனும் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினார்கள். சாமியார் வாசலில் என் தோளைத் தொட்டு, "இவ்வளவு கனமா என்ன பாவம்யா செஞ்சே?" என்று கேட்டார். சுகாதார நிலைய நர்ஸம்மா, மதியத்தில் ஒரே ஒரு வேளைச் சாப்பாடுதான், மீறினால் ரத்தக்கொதிப்புக்கு நான் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டாள். எந்த ஒரு வேளை என்று கேட்டேன். நர்ஸம்மா அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

அக்கா, நானாக ஒருத்தியிடம் வேண்டாம் என்று சொன்னால் அந்தத் தட்டு மேடையிலிருந்து போய்விடும். காகிதமும் போய்விடும். அதை என் வாயால் சொல்ல என்னால் முடியாது. நீ மூத்தவள், உன் சொல்லை இந்த ஊரில் இன்றைக்கும் யாரும் தட்டுவதில்லை. உடனே எழுது.

அத்தானின் முட்டிவலிக்கு ஜாதிக்காய் எண்ணெய் தனியாக அனுப்புகிறேன். பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். மாதா உங்கள் வீட்டையும் உங்கள் அடுப்பையும் காப்பாளாக.

என்றும் உன் கீழ்ப்படிந்த தம்பி,
இக்னேஷியஸ்

பின்குறிப்பு (வெள்ளிக்கிழமை): மேலே கேட்ட கடிதத்தை எழுத வேண்டாம். இதை உறையில் போடும்முன் ஏவிஸும் வெர்லினும் சேர்ந்தே என் வீட்டுக்குள் வந்து நின்றார்கள். கோயில் சமாச்சாரம் கேள்விப்பட்டு வந்தார்களாம்.

"எங்கக்கா மனுஷன கொல்லவே பாத்திருக்கா" என்றாள் சின்னவள்.

"நீ போட்ட மாவுருண்டைதான்டி அவர் முட்டில உக்காந்திருக்கு" என்றாள் பெரியவள். "என்கிட்ட எவ்ளோ நல்லா சொன்னாரு தெரியுமா? ஏவிஸ், உன்னை மாதிரி இந்தத் தீவுலயே யாரும் சமைக்க முடியாதுன்னு."

வெர்லின் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அதைத்தான் என்கிட்டயும் சொன்னாரு."

அதன்பிறகு இருவரும் ஒருவரோடு ஒருவர் சண்டை போடவில்லை, இருவருமாகச் சேர்ந்து என்னோடு போட்டார்கள். திட்டி முடித்த கையோடு என் அடுப்பிலேயே ஆயில்டவுன் வைத்தார்கள், சேம்பு இலை மேலேயும் கீழேயும். இப்போது நீலக்கடையை மூடிவிட்டு ஒரே கடை, ஒரே சட்டி. மேடையில் எனக்கு ஒரே தட்டு, காகிதத்தில் என் பெயரை இரண்டு கையெழுத்தில் பாதிப்பாதியாக எழுதியிருக்கிறார்கள். அதைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டது. உட்கார்ந்து சாப்பிட்டேன். அருமை. முடித்தபோது வயிற்றில் சரியாகப் பாதி இடம் காலியாக இருந்தது. இன்னும் கொஞ்சம் கேட்டேன். இருவரும் ஒரே குரலில், "தீந்துபோச்சு" என்றார்கள்.

பசியோடு தூங்க எனக்குப் பழக்கம் விட்டுப்போயிற்று. மலைக்கு அந்தப் பக்கம் பான் அமியில் ஒரு அம்மாள் புதிதாகச் சாப்பாட்டுக்கடை திறந்திருக்கிறாள் என்று காஸ்மோஸ் சொன்னான். நாளை அவன் பஸ்ஸில் போகிறேன். சும்மா ஒரு வணக்கம் சொல்லிவிட்டு வரத்தான்.