நிமிர்ந்த டிஷ்

"வந்துச்சா?" என்று கூரையிலிருந்து இஸ்ஸா கத்தினான்.

"வரல!" என்று கூடத்திலிருந்து பாது கத்தினான்.

"இப்போ?"

"கோடு கோடா வருது!"

"இப்போ?"

"ஒரு பாதிரியார் வர்றார்!"

"அவர் வந்துட்டார்னா எல்லாம் வந்தாச்சு. டிஷ்ஷை முறுக்கிடறேன்."

கூரையில் ஸ்பானர் சத்தம் கேட்டது. டிவியில் பாதிரியாருக்கு அடுத்து மூலிகைக் கஷாயம் விற்பவர் வந்தார். அவருக்கு அடுத்து இன்னொரு பாதிரியார். அதற்கும் அடுத்த சானலில், நகை நட்டெல்லாம் போட்ட ஓர் இந்திய மாமியார், டப்பிங்கில், அழகான உள்ளூர் டுவி மொழியில் மருமகளைக் கிழிகிழியென்று கிழித்துக்கொண்டிருந்தாள். பாதுவின் மனைவி சேர்வா கையில் கரண்டியோடு வந்து அப்படியே நின்றுவிட்டாள்.

"இதெல்லாம் சும்மாவா வருது? இத்தனை நாள் எதுக்குங்க காசைக் கொண்டுபோய்க் கொட்டினோம்?"

கேள்வி நியாயமானதுதான். பாது, குமாசி ஊரில் கோகோ கிடங்கில் மூட்டைக்கு எடை போடும் குமாஸ்தா. ஆறு வருஷமாக மாதம் தவறாமல் பணம் கட்டி டிவி பார்த்தவன். கட்டணம் ஏறிக்கொண்டே போனதே தவிர, அவன் பார்க்கிற சானல் இரண்டுக்கு மேல் போகவில்லை. போதுமடா சாமி என்று புருஷனும் பெண்டாட்டியும் கூடிப் பேசி, இன்று காலை இஸ்ஸாவைக் கூப்பிட்டு இலவசத்துக்கு மாறிவிட்டார்கள்.

இஸ்ஸா இறங்கி வந்து பழைய செட்டாப் பெட்டியைப் பைக்குள் போட்டுக்கொண்டான். புதுப் பெட்டிக்குப் பழையதைக் கழித்துக்கொள்வதாக ஏற்பாடு.

"உங்க வீட்ல சண்டை சச்சரவு இல்லாம முடிஞ்சுது அண்ணே. நேத்து ஒரு வீட்ல, வீட்டம்மாவைக் கேக்காமலே பெரியவர் மாத்தச் சொல்லிட்டார். அந்தம்மா பார்த்துச்சு, ஏணியத் தூக்கிட்டு உள்ள போயிடுச்சு. நானும் பெரியவரும் ரெண்டு மணி நேரம் கூரைமேல, வத்தல் காய்ஞ்ச மாதிரி."

மூவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். இஸ்ஸா கிளம்பிப் போனான். மத்தியானம் நாலு மணி இருக்கும், சேர்வாவின் போன் அடித்தது. பேசி முடித்தவளின் முகம் வெளுத்திருந்தது.

"எங்கப்பா. லாரி ஸ்டாண்டுல இறங்கிட்டாராம். சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஏதோ பெரிய மேட்ச்சாம். மாப்பிள்ளை வீட்ல பார்த்துக்கறேன்னு சொல்றார்."



மாமனார் டொன்கோர் லேசுப்பட்ட ஆள் இல்லை. பெண் கேட்கப் போன அன்று, இரண்டு குடும்பத்துப் பெரியவர்களும் சுற்றி உட்கார்ந்திருக்க, ஷ்னாப்ஸ் சாராய பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "என் மக என் வீட்ல காசு கட்டின டிவி பார்த்து வளர்ந்தவ. உன் வீட்லயும் அது ஓடுமா?" பாது, காதல் மயக்கத்தில், "உயிர் இருக்கிற வரைக்கும் ஓடும்" என்றான். பாட்டில் திறக்கப்பட்டது. முன்னோர்களுக்குத் தரையில் ஊற்றி, மிச்சத்தை எல்லோரும் குடித்தார்கள். அப்படிச் சொன்ன சொல்லை அந்த ஊர் அசாந்தி ஜனங்களில் யாரும் திரும்ப வாங்க முடியாது. மூத்த மாப்பிள்ளை தையல் மெஷின் வாங்கித் தருகிறேன் என்று இதே மாதிரி சொல்லிவிட்டு இழுத்தடித்தான். டொன்கோர் போய் மகளைக் கையோடு கூட்டிவந்து எட்டு மாதம் தன் வீட்டில் வைத்துக்கொண்டார். மெஷின் வந்த பிறகுதான் அனுப்பினார்.

"எட்டு மாசம்!" என்றான் பாது. நிஜமாகவே பயந்துபோயிருந்தான். சேர்வா இல்லாத வீட்டில் அவனால் எட்டு நாள் இருக்க முடியாது.

"முதல்ல டிஷ்ஷைப் பாருங்க. தெருமுனையிலேயே அப்பா கண்டுபிடிச்சிடுவார்."

அதுவும் உண்மை. காசு கட்டுகிற டிஷ் அந்த ஊரில் கொஞ்சம் குனிந்து பார்க்கும். இலவச டிஷ் வானத்தை நிமிர்ந்து பார்க்கும். கூரையைப் பார்த்தே வீட்டு நிலவரம் சொல்லிவிடுவார்கள்.

பாது இஸ்ஸாவுக்குப் போன் போட்டான். "பழைய பெட்டியத் திருப்பிக் கொண்டா!"

"அதை வழியிலேயே ஒருத்தர் வாங்கிட்டுப் போயிட்டாரே அண்ணே."

வேறு வழியில்லாமல் பாதுவே ஏணி வைத்து ஏறி, டிஷ்ஷின் தலையைப் பிடித்துக் கீழே அமுக்கினான். டிஷ் குனிந்தது. கௌரவம் திரும்பி வந்தது. பாதிரியார், கஷாயக்காரர், இந்திய மாமியார் எல்லோரும் போய்விட்டார்கள். திரை நீலமாக நின்றது.

கேட் திறக்கும் சத்தம் கேட்டது. சேர்வா டிவியை அணைத்தாள்.

டொன்கோர் கூரையை அண்ணாந்து பார்த்து, "ம்" என்று தலையாட்டிவிட்டு உள்ளே வந்தார். மின்சார இலாகாவில் முப்பது வருஷம் கம்பம் ஏறி ஓய்வு பெற்ற மனிதர், முதுகு இன்னும் கம்பம் மாதிரியே இருந்தது. சேர்வா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்து முடித்தார். பிறகு அவள் முறைப்படி கேட்டாள்:

"இங்க எல்லாரும் நலம்ப்பா. நீங்கதான் வழி நடந்து வந்திருக்கீங்க. வந்த சேதி சொல்லுங்க."

யாராக இருந்தாலும், தண்ணீர் கொடுத்துவிட்டு இதைக் கேட்டே ஆகவேண்டும். வந்தவரும் சொல்லியே ஆகவேண்டும்.

"சேதி அமைதிதான்," என்றார் டொன்கோர். "சனிக்கிழமை இங்க ஒரு இழவு. ரெண்டு நாள் முன்னாலயே வந்துட்டேன்."

"கறுப்புத் துணி எடுத்துட்டு வரலையாப்பா? பை சின்னதா இருக்கே?"

"அது... இங்கயே வாங்கிக்கலாம்."

கறுப்புத் துணி இல்லாமல் இழவுக்குக் கிளம்பும் ஆள் குமாசியில் இன்னும் பிறக்கவில்லை. பாதுவுக்கு இது உறைத்திருக்க வேண்டும். ஆனால் அவன் புத்தி அந்த நேரம் நீலத் திரையில் மாட்டிக்கொண்டிருந்தது.

"அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டாள் சேர்வா.

"இருக்கா, இருக்கா," என்று டொன்கோர் அவசரமாகச் சொன்னார். "மாப்பிள்ளை, மணி நாலே முக்கால். டிவியப் போடு."

"ஆட்டைத் துரத்திட்டு வந்துடறேன் மாமா," என்று பாது வெளியே பாய்ந்தான். ஆடும் இல்லை, குட்டியும் இல்லை. நேராகச் சுவரில் இருந்த மீட்டர் பெட்டிக்குப் போய் மெயினை அணைத்தான். உள்ளே மின்விசிறி நின்றது.

"அடடா, கரண்ட் போச்சே!" என்று வருத்தம் சொட்டச் சொட்டத் திரும்பி வந்தான். "இனி ராத்திரிதான் மாமா வரும்."

டொன்கோர் காதைத் தீட்டினார். எதிர்வீட்டு மாவு மில் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"மில்லு ஓடுதே?"

"அது... அவங்க லைன் வேற."

"எந்த லைன் எங்க போகுதுன்னு என்கிட்டயா சொல்ற?" என்று எழுந்தவரை நிறுத்த முடியவில்லை. ஒரு நிமிஷத்தில் மீட்டர் பெட்டியிலிருந்து குரல் வந்தது. "மாப்பிள்ளை! எவனோ மெயினை அணைச்சு வச்சிருக்கான்! உனக்கு யாரும் விரோதி இருக்கானா?"

பாது பதில் யோசிப்பதற்குள் டக்கென்று அவர் மெயினைப் போட்டார். மின்விசிறி சுற்றியது. பாது ஓடிப்போய் டிவியின் பின்னால் கைவிட்டு வயரைப் பிடுங்கினான். மாமனார் வாசலில் நிற்கும்போது திரை கருப்பாகக் கிடந்தது.

"போச்சு மாமா!" என்று தலையில் கைவைத்தான். "நீங்க சடார்னு போட்டீங்கல்ல, டிவி எரிஞ்சு போச்சு!"

அந்த நேரம் பார்த்து அடுப்பில் சேர்வாவின் வேர்க்கடலைக் குழம்பு அடிப்பிடித்துக் கருகும் வாசனை கூடம் முழுக்க வந்தது. டொன்கோர் மூக்கை உறிஞ்சினார். முகம் தொங்கிப்போயிற்று.

"நானா எரிச்சேன்? முப்பது வருஷத்துல ஒரு பல்பை எரிச்சதில்லையே நான்..."

அவர் சோபாவில் உட்கார்ந்த உட்காரலைப் பார்த்ததும் பாதுவுக்குச் சீ என்று ஆகிவிட்டது. பெரிய மனுஷனை இப்படியா ஏமாற்றுவது? ஆனால் எட்டு மாதம் நினைவுக்கு வந்தது.

"திறந்து பார்க்கிறேன்," என்று டொன்கோர் மறுபடி எழுந்தார்.

"ஐயோ, ஷாக் அடிக்கும் மாமா!"

"எனக்கா? டிவியில கோளாறு இல்லேன்னா டிஷ்ஷுல இருக்கும்."

"அப்ப ஏணியை எடுக்கட்டுமா? ஏறிப் பார்க்கிறீங்களா?" எதையாவது சொல்லி அவரை டிவியிடமிருந்து கிளப்பினால் போதும் என்று இருந்தது பாதுவுக்கு.

டொன்கோர் பின்னால் நகர்ந்தார். "ஏணியா? ஏணி வேண்டாம்ப்பா. ஏணியெல்லாம் வேண்டாம்."

கம்பம் ஏறின மனுஷன் ஏணியைக் கண்டு மிரள்கிறாரே என்று பாது ஒரு கணம் பார்த்தான். அதற்குள் அவரே, "டிவி மெக்கானிக்கைக் கூப்பிடு. என் செலவு," என்று சொல்லிவிட்டார். தப்பிக்க வழியில்லை. பாது கொல்லைப்பக்கம் போய் இஸ்ஸாவைப் போனில் பிடித்தான்.

"வந்து, டிவி எரிஞ்சு போச்சுன்னு மட்டும் சொல்லு. காலையில வந்ததைப் பத்தி மூச்சு விடக்கூடாது."

"சொல்லிடலாம் அண்ணே. ஆனா தண்ணி குடுத்துச் சேதி மட்டும் கேட்டுடாதீங்க. தண்ணியக் குடிச்சிட்டுப் பொய் சொல்ல எனக்கு வராது. எங்கப்பா வளர்ப்பு அப்படி."

"ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. வா."

இஸ்ஸா வந்தான். வாசற்படியில் கால் வைத்தவன் உள்ளே பார்த்துவிட்டு அப்படியே நின்றான். டொன்கோருக்கு அதே நேரம் பயங்கர இருமல் வந்தது. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு இருமினார். பாது மாமனாரின் முதுகுக்குப் பின்னால் நின்று, உதட்டில் விரல் வைத்து, கண்ணை உருட்டி, கழுத்தை அறுப்பதுபோல் சைகை காட்டினான்.

சேர்வா தட்டில் தண்ணீரோடு வந்தாள்.

"அவனுக்குத் தண்ணி வேண்டாம்!" என்றான் பாது.

"ஆமாம்மா, வேண்டாம்!" என்றார் டொன்கோரும், இருமலுக்கு நடுவில்.

சேர்வா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ன பேசறீங்க ரெண்டு பேரும்? படியேறி வந்தவனுக்குத் தண்ணி குடுக்காத வீடா இது? அப்பா, நீங்களா இப்படிச் சொல்றீங்க? குடி தம்பி."

இஸ்ஸா பாதுவைப் பரிதாபமாகப் பார்த்தான். வெயிலில் வந்தவன், தாகம் வேறு. ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரைத் தட்டில் வைத்தான்.

"இங்க எல்லாரும் நலம்," என்றாள் சேர்வா. "நீதான் வழி நடந்து வந்திருக்க. வந்த சேதி சொல்லு."

இஸ்ஸா வாயைத் துடைத்துக்கொண்டான்.

"சேதி அமைதிதாங்க," என்றான் இஸ்ஸா, தரையைப் பார்த்தபடி. "ரெண்டு சேதி. ஒண்ணு, டிவி நல்லாத்தான் இருக்கு. காலையில நான்தான் இந்த வீட்ல காசு டிவியை எடுத்துட்டு இலவசத்துக்கு மாத்தினேன். மன்னிச்சிடுங்க அண்ணே."

பாது கண்ணை இறுக மூடிக்கொண்டான். ஷ்னாப்ஸ் பாட்டிலும், சுற்றி உட்கார்ந்திருந்த பெரியவர்களும், பெட்டி தூக்கிக்கொண்டு கிளம்பும் சேர்வாவும் வரிசையாக வந்து போனார்கள். இடி இப்போது விழும் என்று காத்திருந்தான். விழவில்லை. ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தான். மாமனார் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. பள்ளிக்கூடத்தில் பிடிபட்ட பையன்போல் இருந்தது.

"இன்னொரு சேதி யாருக்குப்பா?" என்று கேட்டாள் சேர்வா.

"ஐயாவுக்குத்தாங்க," என்றான் இஸ்ஸா, டொன்கோர் பக்கம் திரும்பி. "உங்க வீட்டம்மா, உங்களைக் காணோம்னு, இப்பதான் எனக்குப் போன் பண்ணாங்க: அந்த இந்திய மாமியார் நாடகம் ரொம்பப் பிடிச்சுப்போச்சாம், நேத்து நம்மளைக் கூரைமேல விட்டுட்டு எடுத்த ஏணியைத் திரும்பச் சுவத்துல சாத்தியாச்சாம், பயப்படாம வீட்டுக்கு வரச் சொன்னாங்க."