ராம்கி பார்த்த திறப்பு விழா

ராம்கியின் பைக் பூதலூர் தாண்டியதும் பஞ்சரானது. மணி ஒன்பதே முக்கால். பத்து மணிக்கு அமைச்சர் மதகைத் திறந்து பாசனத்துக்குத் தண்ணீர் விடுகிறார்.

வேறு நாளாக இருந்தால் கவலையில்லை. மதகுப் பாலம் பழசு என்பதால் பத்திரிகைக்காரர் ஒருவருக்குத்தான் அனுமதி. தஞ்சாவூர் நிருபர்கள் எட்டுப் பேரும் சீட்டுக் குலுக்கியதில் ராம்கியின் பெயர் வந்தது. அவன் பார்த்து வாட்ஸ்அப் குழுவில் போடுவான்; மற்ற ஏழு பேரும் வீட்டில் உட்கார்ந்து அதை எழுதுவார்கள். அந்த எட்டுப் பேரின் கண்ணும் இப்போது பஞ்சர் கடை வாசலில் நின்றது.

போதாததற்கு, அவனுடைய இரண்டு மா நிலத்தில் குறுவை நாற்று கருகிக்கொண்டிருந்தது. இந்தத் தண்ணீர் வந்தால்தான் பிழைக்கும்.

பத்தேகாலுக்குக் குழுவில் சித்தீக் கேட்டார். "என்ன தம்பி, திறந்தாச்சா?"

ராம்கிக்கு வியர்த்தது. வருஷா வருஷம் நடக்கிற கூத்துதானே, இதில் புதிதாக என்ன இருக்கப்போகிறது?

"திறந்தாச்சு பாய். பூவும் நெல்லும் தூவினாரு."

"போட்டோ?" என்றாள் ஜெயபாரதி.

"நெட்வொர்க் சுத்தமா இல்லக்கா" என்று அடுத்த நொடியே பதில் போனது.

பத்து நிமிடத்தில் எல்லா இணையதளங்களிலும் செய்தி ஏறிவிட்டது. ஜெக்கரியா மட்டும் 'விவசாயிகள் ஆனந்தக் கண்ணீர்' என்று கைச்சரக்கைச் சேர்த்திருந்தார். உடனே ராம்கியின் ஆசிரியர் செழியன் போனில் பாய்ந்தார்.

"யோவ், ஸ்பாட்ல நிக்கிறது நீ! வீட்டுல படுத்திருக்கிறவனுக்குக் கண்ணீர் கிடைச்சிருக்கு, உனக்குக் கிடைக்கலையா?"

"நான் அந்தப் பக்கம் பாத்துக்கிட்டு நின்னேன் சார். இப்பத் திரும்பினா எல்லாரும் அழுவுறாங்க!"

"எத்தனை பேரு?"

"முந்நூறு பேரு சார்."

அதையும் குழுவில் போட வேண்டியதாயிற்று. சித்தீக் அதை ஐந்நூறாக்கினார். ஒரு டிவி ஆயிரமாக்கி, கீழே ஓடவிட்டது.

கடைசியாக டயரில் காற்று ஏறும்போது மக்கள் தொடர்பு அலுவலகத்திலிருந்து மதிவதனி அழைத்தாள்.

"ராம்கி சார், எங்க இருக்கீங்க? அமைச்சர் லேட்டு, இப்பத்தான் திருச்சியத் தாண்டுறாரு. ஜனத்தையெல்லாம் கூட்டிக்கிட்டு நாங்க வரவேற்க மெயின்ரோட்டுல நிக்கிறோம். ஆமா, அந்த ஆயிரம் பேரு எங்க நின்னு அழுவுறாங்க?"

ராம்கி போனை வைத்தான். வேலை போயிற்று என்று முடிவே செய்துவிட்டான். மறுப்புச் செய்தி போடலாமென்றால் யார் மறுப்பது? பார்த்தது அவன் ஒருவன்தான்!

பைக்கை விரட்டினான். மதகுக்கு அரை மைல் முன்பே வாய்க்கால் சலசலத்தது. இறங்கிப் பார்த்தால் தண்ணீர்! கலங்கலாக, நுரையோடு, அவன் வயல் பக்கம் பிரியும் கிளை வாய்க்காலில் திரும்பிக்கொண்டிருந்தது. நாற்று பிழைத்துவிடும். ராம்கிக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. ஆயிரம் பேரில் ஒருவராவது நிஜமாகக் கண்ணீர் விட்டாயிற்று.

மதகில் பந்தல் காலியாகக் கிடந்தது. பூத்தட்டு தூவாமல் அப்படியே இருந்தது. மதகை ஏற்றி இறக்கும் லஸ்கர் அரசப்பன் மட்டும் திருகுச் சக்கரத்தின் மேல் சாய்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, மந்திரி அதுக்குள்ள வந்துட்டுப் போயிட்டாரா?"

"அவரு எங்க தம்பி வந்தாரு? 'மந்திரி திறந்துட்டாரு'ன்னு நீங்க போட்ட செய்தியப் பாத்துட்டு, இன்னும் மூடி வெச்சிருந்தா என் வேலைக்கு உலை வெச்சிருவாங்கன்னு பயந்துபோயி நானே திறந்துட்டேன். மந்திரியும் அதே செய்தியப் பாத்துட்டு, 'அதான் திறந்தாச்சே'ன்னு பாதி வழியிலயே திரும்பிட்டாராம்!"